ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட்

ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் (29 நவம்பர் 1933 – 31 மார்ச் 2017) ஓர் அமெரிக்க ஓவியர். 1960களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் உருவான பாப் கலை இயக்கத்தை வளர்த்தவர்களுள் ஒருவர். ஆண்டி வார்ஹோல், ராய் லிக்டன்ஸ்டைன் ஆகியோருடன் சேர்த்து எண்ணப்படுபவர் எனினும் அவர்கள் அளவுக்குப் பரவலாக அறியப்படாதவர். ஓவியர் என்று பெயர் பெறுமுன், சாரத்தில் ஏறி நின்று தெரு விளம்பரப் பலகைகளை வரைந்து கூலி பெற்றவர். அந்த வேலையை விட்ட பின்பும், அது பழக்கிய கையையும் கண்ணையும் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 86 அடி நீளமுள்ள 'எஃப்-111' என்னும் ஓவியம் இவருடைய படைப்புகளுள் தலையாயது.

பாப் கலை: ஒரு சிறு விளக்கம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ஓவிய உலகில் அருவ ஓவியமே கோலோச்சியது. ஜாக்சன் பொல்லாக், வில்லெம் டி கூனிங் போன்றோர் பொருளையோ உருவத்தையோ அப்படியே காட்டாமல், வண்ணத்தின் வீச்சையும் தூரிகையின் வேகத்தையுமே ஓவியமாக்கினார்கள். 1960ஐ ஒட்டி இளைஞர்கள் சிலர் இதற்கு நேர்மாறாக நடந்தார்கள். சூப் டப்பா, படக்கதைப் புத்தகம், திரைப்பட நடிகை, கார் விளம்பரம் என்று கடைத்தெருவில் கிடக்கும் உருவங்களை எடுத்துச் சுவரில் மாட்டினார்கள். மக்களிடையே பரவியது என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே 'பாப்'.

இதைக் கேட்கும் மாணவர் எவரும் உடனே எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. விளம்பரத்தைப் பார்த்து வரைந்தால் அது எப்படிக் கலையாகும்? நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேட ரோசன்குவிஸ்டை விடப் பொருத்தமான ஓவியர் கிடைக்கமாட்டார். மற்றவர்கள் விளம்பரத்தை வெளியிலிருந்து பார்த்தோ அச்சு விளம்பரத்துக்குப் படம் வரைந்தோ வந்தவர்கள். இவரோ மாடி உயர விளம்பரத்தின் மீதே ஏறி நின்று வேலை செய்தவர்.

இளமை

வடக்கு டகோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில், சுவீடிய நார்வேஜிய வழிவந்த குடும்பத்தில் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். தாய் தந்தை இருவரும் விமானம் ஓட்டுவதில் ஆர்வம் கொண்டவர்கள். பிற்காலத்தில் இவருடைய மிகப் பெரிய ஓவியத்துக்கு விமானமே கருவானதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். வேலை தேடிப் பல ஊர்கள் மாறிய குடும்பம் இறுதியில் மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகரில் நிலைகொண்டது. பள்ளி நாட்களிலேயே அந்நகரக் கலைப்பள்ளியில் சில காலம் பயில உதவித்தொகை கிடைத்தது. 1952 முதல் 1954 வரை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கேமரூன் பூத் என்பவரிடம் ஓவியம் பயின்றார்.

அதே ஆண்டுகளில் கைச்செலவுக்காகப் பெட்ரோல் நிறுவனத்தின் சேமிப்புத் தொட்டிகளுக்கும் நிலையங்களுக்கும் வண்ணம் பூசி, நிறுவனச் சின்னம் எழுதும் வேலைக்குப் போனார். மினியாபொலிஸில் விளம்பரப் பலகை நிறுவனம் ஒன்றிலும் சேர்ந்து தொழில் கற்றார். 1955இல் நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் என்னும் கலைப்பள்ளி உதவித்தொகை தர, அந்நகருக்குக் குடிபெயர்ந்தார். நாஜி ஆட்சிக்குத் தப்பி அமெரிக்கா வந்திருந்த ஜெர்மானிய ஓவியர் ஜார்ஜ் கிராஸ் அங்கு இவருடைய ஆசிரியர்களுள் ஒருவர்.

சாரத்தின் மேல்

உதவித்தொகை தீர்ந்தது. வயிற்றுப்பாட்டுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே. 1957இல் விளம்பரப் பலகை வரைவோர் தொழிற்சங்கத்தில் உறுப்பினரானார். ஆர்ட்கிராஃப்ட் ஸ்ட்ராஸ் நிறுவனத்துக்காக டைம்ஸ் சதுக்கத்திலும் புரூக்ளின் பகுதியிலும் பலகைகள் வரைந்தார். ஆஸ்டர், விக்டோரியா திரையரங்குகளுக்கு மேலே தெருவின் ஒரு கோடி முதல் மறுகோடி வரை நீண்டிருந்த பலகைகளும் அவற்றுள் அடக்கம். சாலையிலிருந்து பல மாடி உயரத்தில், கயிற்றில் தொங்கும் சாரத்தில் நின்றுகொண்டு செய்யும் வேலை அது.

அந்தத் தொழிலின் முறையைச் சற்று விளக்குவது அவசியம். விளம்பரதாரர் தரும் நிழற்படம் கையளவே இருக்கும். அதன் மேல் சிறு கட்டங்கள் போடுவார்கள். பலகையின் மேல் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போடுவார்கள். சிறு கட்டத்துக்குள் இருப்பதைக் கரித்துண்டால் பெரிய கட்டத்துக்குள் எடுத்தெழுதிவிட்டு வண்ணம் பூசுவார்கள். வகுப்பறையில் நிலப்படத்தைக் கரும்பலகையில் பெரிதாக்க நாங்கள் கையாண்டதும் இதே முறைதான். வேறுபாடு அளவில்தான். இங்கே ஒரு கட்டமே ஓர் ஆளை விடப் பெரிதாக இருக்கலாம்.

இதனால் விந்தையான ஒன்று நிகழ்கிறது. தெருவில் நடப்பவருக்கு அது புன்னகைக்கும் ஒரு பெண்ணின் முகம். வரைபவருக்கோ முகமே தெரியாது. கைக்கெட்டும் தொலைவில் இளஞ்சிவப்பு நிறப் பரப்பு ஒன்று விரிந்து கிடக்கும், அவ்வளவுதான். அது கன்னமா மோவாயா என்பது கீழே இறங்கிச் சாலையைக் கடந்து திரும்பிப் பார்த்தால்தான் விளங்கும். கண்ணெதிரே இருப்பது மிக நெருக்கமாக இருப்பதாலேயே அடையாளம் தெரியாமல் போகிறது. பின்னாளில் இவர் தம் ஓவியங்களில் செய்ததெல்லாம், சாரத்தில் நிற்பவனின் இந்தப் பார்வையைக் கூடத்துக்குள் நிற்கும் பார்வையாளருக்கும் தந்ததுதான்.

வேலையில் சலிப்பும் இருந்தது. புரூக்ளின் மிட்டாய்க் கடைகளின் மேலே ஒரே விஸ்கி பாட்டிலை இரண்டு மாடி உயரத்துக்குத் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அலுத்துப்போய், பாட்டிலின் மேலொட்டில் சிறு எழுத்துகள் வரவேண்டிய இடத்தில் குழந்தைப் பாட்டு ஒன்றின் அடிகளை எழுதி வைத்ததாகவும், கீழே நின்றவர் எவர் கண்ணிலும் அது படவில்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

ஆபத்தும் இருந்தது. உடன் வேலை செய்த இருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தனர். 1960இல் அவர் அந்த வேலையை விட்டார்.

முதல் ஓவியங்கள்

மன்ஹாட்டன் தீவின் தென்முனையில், துறைமுகத்தை ஒட்டிய கோயன்டீஸ் ஸ்லிப் என்னும் பழைய தெருவில் வேலைக்கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். எல்ஸ்வொர்த் கெல்லி, ஏக்னஸ் மார்ட்டின், ராபர்ட் இந்தியானா முதலியோர் அப்போது அதே தெருவில் இருந்த ஓவியர்கள். பழைய கப்பல் துறைக் கட்டடங்களில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்த அந்தச் சிறு குழுவிலிருந்து இத்தனை பேர் புகழ் பெற்றது வியப்பே.

அங்குதான் 'ஸோன்' (1960–61) உருவானது. ஒரு பெண்ணின் முகத்துண்டும் ஒரு தக்காளியின் துண்டும் சாம்பல் நிறச் சாயலில் அருகருகே நிற்கும் ஓவியம். பலமுறை அழித்தும் சுரண்டியும் திருத்தப்பட்டது. பாப் கலைக்குள் அவர் வைத்த முதலடி இதுவே எனக் கருதப்படுகிறது. இப்போது ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவருடைய முறை இதற்குப் பின் பெரிதாக மாறவில்லை. பழைய வார இதழ்களிலிருந்து விளம்பரப் படங்களை வெட்டுவார். துண்டுகளை ஒட்டிச் சிறு படத்தொகுப்பு ஒன்று செய்வார். அதன் மேல் கட்டம் போட்டுப் பெரிய கேன்வாஸுக்கு மாற்றுவார். எந்த இதழ்களைத் தேர்ந்தெடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது. அன்றைய புது இதழ் வேண்டாம். மிகப் பழையதும் வேண்டாம். பத்துப் பதினைந்து ஆண்டு முந்தையவற்றையே நாடினார். புதிய பொருள் ஆசையைத் தூண்டும். மிகப் பழையது ஏக்கத்தைத் தூண்டும். இடைப்பட்டதோ இரண்டையும் தூண்டாது என்பது அவர் கணக்கு. ஆசையும் ஏக்கமும் விலகிய பிறகே விளம்பரத்தின் உருவம் வெறும் உருவமாகத் தெரியும். பாப் கலை விளம்பரத்தின் நகல் என்பார்க்கு இந்த ஒரு தேர்வே போதுமான மறுமொழி என்பது என் கருத்து.

'பிரசிடென்ட் எலெக்ட்' என்னும் ஓவியம் இதற்கு எடுத்துக்காட்டு. 1960–61இல் தொடங்கி 1964இல் முடித்தது. இடப்புறம் ஜான் கென்னடியின் தேர்தல் சுவரொட்டி முகம். நடுவில் கேக் துண்டு ஏந்திய பெண்ணின் கை. வலப்புறம் செவ்ரோலெட் காரின் ஒரு பகுதி. ஒரு வேட்பாளர் தம்மையே ஒரு பண்டம்போல் விளம்பரப்படுத்திக்கொள்கிறாரே, அவர் தரும் வாக்குறுதிதான் என்ன? பாதிக் காரும் பழைய கேக் துண்டும் என்பது ஓவியரின் பதில். முகமும் கேக்கும் காரும் ஒன்றோடொன்று வழுக்கிக் கலப்பதுபோல் வரையப்பட்டிருப்பதால், எது எங்கே முடிகிறது என்று கண் தடுமாறும். இது பாரிஸின் பொம்பிடு மையத்தில் உள்ளது. நடிகை மர்லின் மன்றோ இறந்த 1962ஆம் ஆண்டில் வரைந்த 'மர்லின் மன்றோ, ஒன்று' என்னும் ஓவியத்தில் அவர் முகம் தலைகீழாகத் துண்டு துண்டாகக் கிடக்க, அவர் பெயரெழுத்துகளும் கோக்கோகோலா எழுத்தின் ஒரு பகுதியும் மேலே ஓடுகின்றன.

1962இல் ரிச்சர்ட் பெல்லாமி நடத்திய கிரீன் கேலரியில் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. ஓவியங்கள் அனைத்தும் விற்றன. இரண்டாண்டு முன்புவரை சாரத்தில் நின்றவர் அவர்.

எஃப்-111

1964இல் ரோசன்குவிஸ்ட் லியோ காஸ்டெல்லியின் கலைக்கூடத்தில் சேர்ந்தார். அதன் முன்னறையின் நான்கு சுவர்களையும் நிறைக்கும் ஓர் ஓவியத்தைத் திட்டமிட்டார். 10 அடி உயரம், 86 அடி நீளம். கதவு, மூலை எல்லாவற்றையும் தழுவி அறையைச் சுற்றி வரும். நிற்கும் இடத்திலிருந்து முழுவதையும் ஒரே பார்வையில் காண இயலாது. கழுத்தைத் திருப்பினால் முன்பு பார்த்தது ஓரக்கண்ணுக்கு நகர்ந்துவிடும். மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள் பார்ப்பவரைச் சூழ்ந்து நிற்கும் முறையை எண்ணியே இதைச் செய்ததாக அவர் கூறியதுண்டு.

எஃப்-111 என்பது அன்று உருவாகிக்கொண்டிருந்த அமெரிக்கப் போர்விமானம். முதன்முதலாக அது பறந்ததே 1964 டிசம்பரில்தான். விமானப்படை, கடற்படை இரண்டுக்கும் ஒரே விமானம் என்று பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாரா வற்புறுத்திய திட்டம் அது; செலவு ஏறிக்கொண்டே போனதால் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. வியட்நாம் போரில் அமெரிக்கா ஆழக் கால் வைத்த நேரமும் அதுவே.

ஓவியத்தில் விமானத்தின் உடல் ஒரு கோடி முதல் மறுகோடி வரை நீள்கிறது. உண்மை விமானத்தின் நீளம் சுமார் 73 அடி. ஓவியம் அதையும் மிஞ்சியது! ஆனால் விமானத்தை இடைவிடாமல் பார்க்க முடியாது; வேறு உருவங்கள் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும். பூப்போட்ட சுவர்த்தாள் அச்சு. பிரமாண்டமான ஒரு கார் டயர். சத்துகளின் பெயர் எழுதிய சிறு கொடிகள் செருகிய கேக். மூன்று மின்விளக்குகள். அழகு நிலையத்தில் முடி உலர்த்தும் கருவியின் கீழ் புன்னகைத்தபடி அமர்ந்திருக்கும் ஒரு சிறுமி. அடுத்து, அணுகுண்டு வெடிப்பின் புகைக்குடை, அதன் மேல் விரித்த ஒரு வண்ணக் குடை. நீருக்கடியில் மூச்சு விடும் ஒருவரின் காற்றுக்குமிழிகள். கடைசியில், டப்பாவில் அடைத்து விற்கும் ஸ்பகெட்டியின் செம்மஞ்சள் குவியல்.

சிறுமியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவள் தலைமேல் உள்ள வெள்ளி நிறக் கருவி, விமானத்தின் கூர்மூக்குப்போல் பளபளக்கிறது. அவளையும் விமானத்தையும் ஒரே நேர்த்தியோடு, ஒரே விளம்பர மெருகோடு வரைந்திருக்கிறார். நீர்க்குமிழியும் அணுகுண்டுப் புகையும் அடுத்தடுத்து வந்து ஒரே வடிவில் கொப்பளிக்கின்றன. எங்கும் ரத்தம் இல்லை; அழுகை இல்லை. எல்லாம் விற்பனைக்கு வைத்ததுபோல் ஒளிர்கிறது. கேக்கும் டயரும் செய்யும் அதே பொருளாதாரம்தான் குண்டு போடும் விமானத்தையும் செய்கிறது. டெக்சஸிலும் லாங் ஐலண்டிலும் விமானத் தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள் அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். இந்த முடிச்சை ஓவியர் அவிழ்க்கவில்லை, யாரையும் வில்லனாக்கவும் இல்லை. ஓவியத்தின் வலிமை அங்கேதான் இருக்கிறது என்பேன். சில பகுதிகள் கேன்வாஸில் அல்லாமல் அலுமினியத் தகட்டின் மேல் அமைந்தவை. அவற்றின் அருகே போகிறவர் தம் நிழலுருவம் அதில் மங்கலாக அசைவதைக் காண்பார்.

விற்பனையிலும் ஒரு கருத்து இருந்தது. பல துண்டுகளை இணைத்துச் செய்த ஓவியம் ஆதலால், துண்டு துண்டாகப் பலருக்கு விற்கவே முதலில் எண்ணினார். வரி கட்டும் ஒவ்வொருவரும் உண்மை விமானத்தில் ஒரு பங்குக்குப் பணம் கொடுத்தாயிற்று. இனி ஓவிய விமானத்திலும் ஒரு துண்டை நினைவுப்பொருளாக வாங்கிப்போகலாமே என்னும் கசப்பான நகை அது. 1965இல் கண்காட்சி நடந்தபோது, டாக்சி நிறுவன உரிமையாளரும் பாப் ஓவியச் சேகரிப்பாளருமான ராபர்ட் ஸ்கல் முழு ஓவியத்தையும் வாங்கிவிட்டார். ஓவியம் சிதறாமல் பிழைத்தது.

1968இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இதனை, பூசான், டாவிட் முதலிய பழம்பெரும் வரலாற்று ஓவியர்களின் படைப்புகளோடு ஒன்றாக வைத்துக் காட்டியது. டயரும் ஸ்பகெட்டியும் வரைந்தவருக்கு சாக்ரடீசின் மரணத்தை வரைந்தவரோடு சரிசமமாக இடமா என்று விமர்சகர் சிலர் கொதித்தனர். ஸ்கல் மறைந்த 1986இல் ஓவியம் ஏலத்துக்கு வந்து 20 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. இப்படி மறுவிற்பனையாகும்போது ஓவியருக்கு ஒரு பங்கு கிடைக்க அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் வழியில்லை. இதற்குப் பல ஆண்டு முன்பே, 1970களின் நடுவில், ராபர்ட் ரௌஷன்பெர்க் முதலியோருடன் வாஷிங்டன் சென்று கலைஞர் உரிமைகளுக்குச் சட்டம் வேண்டும் என்று வாதாடியவர் ரோசன்குவிஸ்ட் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. வியட்நாம் போரை எதிர்த்து அதே நகரில் 1972இல் நடந்த போராட்டத்தில் அவர் கைதானதும் உண்டு.

விபத்தும் ஃப்ளோரிடா ஆண்டுகளும்

1971 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் குடும்பத்தோடு சென்ற கார் விபத்துக்குள்ளானது. அவருக்குக் காயம், மனைவியும் சிறுவனான மகனும் பல வாரங்கள் நினைவிழந்து கிடந்தனர். மருத்துவச் செலவு கடனில் தள்ளியது. சில ஆண்டுகளில் திருமணமும் முறிந்தது. அந்தக் காலத்து ஓவியங்கள் எண்ணிக்கையில் குறைவு.

பின்னர் ஃப்ளோரிடாவிலேயே தங்கினார். 1976 முதல் அரிபேகா என்னும் கடற்கரைச் சிற்றூர் அவருடைய வேலைக்கூடமாயிற்று. டாம்பாவில் தென் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் கிராஃபிக்ஸ்டூடியோவில் அச்சோவியங்களும் செய்தார். 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் இவரைத் தேசியக் கலை மன்றத்தின் உறுப்பினராக்கினார்.

1980இல் வரைந்த 'ஸ்டார் தீஃப்' 46 அடி அகலமானது. விண்மீன்கள் நிறைந்த வெளியில் கீற்றுக் கீற்றாய் வெட்டிய பெண் முகமும், பன்றி இறைச்சித் துண்டங்களும், இயந்திரப் பாகங்களும் மிதக்கும். மயாமி விமான நிலையத்துக்கு இதை வாங்கும் யோசனை எழுந்தது. எதிர்த்தவர் யார் தெரியுமா? அப்போலோ 8 விண்கலத்தில் நிலவைச் சுற்றி வந்த ஃபிராங்க் போர்மன்! ஈஸ்டர்ன் விமான நிறுவனத்தின் தலைவராக அப்போது இருந்தார். தாம் விண்வெளிக்குப் போய் வந்தவர் என்றும், அங்கே இப்படி எதையும் காணவில்லை என்றும் எழுதினார். யோசனை கைவிடப்பட்டது, ஓவியம் பின்னர் ஜெர்மனியின் கொலோன் நகர லுட்விக் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போர்மன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஓவியர் வரைந்தது அவர் கண்ட விண்வெளியை அன்று. எட்டாத விண்மீன் ஒன்றை நோக்கி உழைப்பவனை இழுத்துச் செல்லும் கவர்ச்சியைப் பற்றிய ஓவியம் அது.

முதுமையிலும் அளவு சுருங்கவில்லை. பெர்லின் டாய்ச்சே குகன்ஹைம் கூடத்துக்காக 1997–98இல் 'தி ஸ்விம்மர் இன் தி எகானோமிஸ்ட்' என்னும் மூன்று பெரும் ஓவியங்களைச் செய்தார். பிக்காசோவின் 'கெர்னிக்கா' அவற்றினூடே துண்டுகளாய் எட்டிப் பார்க்கிறது. 2003இல் ஹூஸ்டனிலும், தொடர்ந்து நியூயார்க் குகன்ஹைமிலும் இவருடைய வாழ்நாள் படைப்புகளின் பெருங்கண்காட்சி நடந்தது.

2009 ஏப்ரலில் அரிபேகாவில் பரவிய புதர்த்தீயில் வீடும் வேலைக்கூடமும் பல ஓவியங்களும் எரிந்தன. அதே ஆண்டு தன்வரலாறு 'பெயின்டிங் பிலோ ஜீரோ' வெளிவந்தது. தலைப்பைப் புரிந்துகொள்ளச் சிறு விளக்கம் தேவை. உருவமே இல்லாத அருவ ஓவியத்தைச் சுழியம் என்று கொண்டால், அதற்கும் கீழே போகவே விரும்பினார். அதாவது, உருவம் இருக்க வேண்டும்; ஆனால் அது மிகப் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருப்பதால், நன்கு பழகிய பொருளே கடைசியில்தான் அடையாளம் தெரிய வேண்டும். சாரத்தில் நின்ற காலத்துப் பார்வைக்கு அவர் வைத்த பெயர் இது எனலாம்.

நீண்ட நாள் உடல்நலம் குன்றியிருந்து, 83ஆம் வயதில் நியூயார்க்கில் காலமானார்.

'எஃப்-111' ஓவியத்தை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996இல் தன் சேகரிப்பில் சேர்த்தது. அமெரிக்க விமானப்படை எஃப்-111 குண்டுவீச்சு விமானங்களுக்கு ஓய்வு கொடுத்ததும் அதே ஆண்டில்தான். நீண்ட ஒற்றைச் சுவரில் இதை மாட்டும்போது தள்ளி நின்று முழுமையாகப் பார்த்துவிட முடிகிறது; ஓவியர் எண்ணியது அதுவல்ல. 2012இல் அந்த அருங்காட்சியகம் காஸ்டெல்லி கூடத்தின் முன்னறை அளவிலேயே ஓர் அறை அமைத்து, நான்கு சுவரும் நிறைய மாட்டிக் காட்டியது. உள்ளே வந்தவர்களுக்குப் பின்வாங்க இடமில்லை. சிறுமியைப் பார்க்க நின்றால் முதுகுக்குப் பின்னால் வேறொரு பகுதி இருந்தது.